பொதுப் பூங்காவும் நம் மாணவரும்

விழாக் கொண்டாடுங் கல்லூரிகளிலே மரம் நடுதல் இன்றியமையாத ஒரு சடங்காகிவிட்டது. கொடியேற்றல், குத்துவிளக்கேற்றல், தேவாரம் ஓதல், அதன்பின் மரநடுகை என நிகழ்ச்சிநிரல் அமைகின்றது. குழி முதனாளே வெட்டப்பட்டிருக்கும். பிரதம விருந்தினரின் பாதரட்சையிற் சேறு படாவண்ணம் ஒரு பலகையும் இடப்பட்டிருக்கும். அவர் நாற்றை எடுத்து வைப்பார், பூவாளியால் மும்முறை நீர் தெளிப்பார், படம் பிடிக்கப்படும். அவர்தம் பெயர் பொறித்த கல் நாற்றினும் உயரமாய் நிற்கும். மாரிக்காலத்து விழாவாயின் நாற்று ஒருவாறு தளிர்க்கும். பின்னர் வைகாசியிலே சோளகம் எழும்பும், விடுமுறையும் வரும், ஆவணியில் யாம் போய்ப் பார்க்குமிடத்துக் கல் நிற்கும், மரம் இராது.

இதனை யாம் எள்ளலாகக் கூறினோமல்லோம். நடுவோர் அனைவரும் நல்லெண்ணத்தாலேயே நடுகின்றனர். 2009 ஆம் ஆண்டின் பின் வன்னிக்கு மீண்டோர் கண்ட தலையறுந்த தென்னைகளையும் நிழலற்ற வளவுகளையும் நினைப்பவர் எவரும் ஒரு நாற்றை இகழார். ஆயினும் நடுதல் ஒரு கணப்பொழுதின் வேலை. வளர்த்தல் பல்லாண்டு வேலை. முன்னதற்கு விருந்தினர் போதும். பின்னதற்குப் பயின்ற கை வேண்டும். அக்கை நம்மிடம் இல்லை.

இவ்விழாவையொட்டிப் பழைய மாணவர் உள்நாட்டிலும் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகர்களிலுந் திரட்டும் பணத்தை எதிற் செலவிடலாம் என்னும் பேச்சு எங்கும் நிகழ்கின்றது. வாயில்வளைவு என்பார் சிலர். சிலை என்பார் சிலர். எமது கருத்து வேறு. ஆண்டுதோறும் நம் மாணவர் இருவரை, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பின்னுள்ள நெடுவிடுமுறையிலே, தாவரவியற் பூங்கா ஒன்றுக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்புதற்கே அப்பணத்தின் முதற்பங்கு ஒதுக்கப்படல் வேண்டும். பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் புகுதற்கும் இடையே பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கு மேலும், நம் பிள்ளைகள் வீணே கழிக்கின்றனர் என்பதைப் பெற்றோர் நன்கறிவர்.

பேராதனையை நம்மவர் அறியாரல்லர். கண்டி வீதி என்று நாம் சொல்லும் வீதியே அவ்வழிக்குத்தான் செல்கின்றது. கல்விச் சுற்றுலா என்று பேருந்து நிறையப் பிள்ளைகளை ஏற்றிச் சென்று, இரட்டைத் தென்னையைக் காட்டி, ஓர்க்கிட் மனையைச் சுற்றி, விழுது பரப்பி நிற்கும் பெரிய அத்திமரத்தின் கீழே படமெடுத்து, மாலையிற் திரும்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே பனைமரச் சாலை ஒன்றும் உண்டு. வடக்கிலிருந்து அத்துணைத் தூரம் போய்ப் பனையைப் பார்த்து வியந்து வருகின்றோம். அஃதும் ஒரு வேடிக்கைதான். ஒரு நாட் காட்சியால் விளைவது வியப்பு மாத்திரமே. அவ்வியப்பு எவ்வாறு ஆக்கப்பட்டது, எவர் கையால் நாடோறும் காக்கப்படுகின்றது என்பதை அந்த ஒரு நாளிற் கண்டுகொள்ளல் இயலாது.

1821 இல் அலெக்சாந்தர் மூன் என்பவராற் பேராதனைத் தோட்டம் தொடங்கப்பட்டபோது அது வேடிக்கை பார்க்கும் இடமாக எண்ணப்படவில்லை. மகாவலி கங்கை வளைந்தோடும் அந்த 147 ஏக்கரும் நாட்டின் பொருள்வளத்துக்கு ஒரு நாற்றுமேடையாகவே இருந்தன. 1861 இற் கொயினா மரத்தைப் பயிரிட்டுப் பார்த்தற்கென்றே அக்கலைத் தோட்டம் உண்டாயிற்று. 1869 இற் கோப்பியிலே துரு நோய் கண்டபோது அந்நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பியவர் பேராதனைத் தோட்டத்துத் தலைவர் துவெயிற்றீசு. 1876 இல் விக்காம் என்பவர் அமேசன் காட்டிற் பொறுக்கிய இறப்பர் விதைகள் கியூத் தோட்டத்திலே முளைத்து, ஏறக்குறைய ஆயிரத்துத் தொளாயிரம் நாற்றுக்களாய்க் கப்பலேறி, கம்பகாவிலுள்ள எனரத்கொடைத் தோட்டத்தை வந்தடைந்தன. சில ஆண்டுகளின் பின் அவை பூத்துக் காய்த்தன. அவற்றின் வித்துக்கள் நாடெங்கும் பரந்தன. பலகோடி ரூபா ஈட்டிய ஒரு கைத்தொழில் அந்நாற்றுப் பாத்தியிலிருந்து தோன்றியது. நூல்கள் விக்காமின் பெயரைப் போற்றும். கடல் கடந்து வாடிவந்த நாற்றுக்களுக்குப் பந்தரிட்டு நீர்வார்த்த தோட்டத் தொழிலாளரின் பெயரை அவை போற்றுவதில்லை. அத்தொழிலாளரின் திறத்தையே நாம் இங்கு வேண்டி நிற்கின்றோம்.

அத்திறம் யாது? பூங்காவிற் சேரும் மாணவன் முதல் வாரத்திற் பெரும்பாலும் சருகு கூட்டுவான், களை பிடுங்குவான். அஃது இழிவன்று. களையையும் முளையையும் வேறுபிரித்தறியாதவன் பாத்தியினுட் காலடி வைத்தல் ஆகாது. அதன்பின் நாற்றுமேடைக்குச் செல்வான். வெட்டுத்துண்டம் எக்கணுவின் கீழே வெட்டப்படல் வேண்டும், பதியம் எப்பருவத்தில் வைக்கப்படல் வேண்டும், அரும்பொட்டு எத்துணை இறுக்கமாகக் கட்டப்படல் வேண்டும் என்பன புத்தகத்தில் ஒரு பக்கத்தில் அடங்கும். விரலில் ஏறுதற்கோ நூறு கன்றேனும் வீணாதல் வேண்டும். தன் வளவில் நூறு கன்றை வீணாக்க எந்தக் கமக்காரன் இசைவான்? பூங்காவின் நாற்றுமேடை அதற்கு இடந்தரும்.

மரத்தைக் கத்தரிக்குங் கலையை எடுத்துக்கொள்வோம். மின்கம்பியின் கீழ் நிற்கும் வேம்பு நம் தெருக்களில் என்ன பாடுபடுகின்றது என்பதை யாவரும் காண்கின்றோம். கிளை பாதியில் வெட்டப்பட்டு முண்டமாய் நிற்கும், முண்டம் உளுக்கும், உளுப்பு அடிமரத்துட் புகும். அன்றேல், அடியோடு ஒட்ட வெட்டப்பட்டு, ஆறாப் புண்ணாகும். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தே கழுத்துப்போலத் தடித்த ஒரு பகுதி உண்டு. அதற்குச் சற்று வெளியே வெட்டின் மரம் தானே அப்புண்ணை மூடிக்கொள்ளும். பாரமான கிளையாயின் முதலில் கீழ்ப்புறம் ஒரு வெட்டு, பின் சற்றப்பால் மேற்புறம் ஒரு வெட்டு, இறுதியிற் கழுத்தருகே மூன்றாவது வெட்டு. இல்லையேல் கிளை முறிந்து தொங்கிப் பட்டையை உரித்துவிடும். இவ்வளவே செய்தி. இதை அறிந்த ஒருவன் ஒரு நகரத்தில் இருப்பின் அந்நகரத்து நிழல்மரங்கள் ஐம்பது ஆண்டு கூடுதலாக நிற்கும்.

நாம் நடும் நாற்றுக்கள் சாவதற்குங் காரணம் சோளகம் மாத்திரமன்று. விழாவுக்கென வாங்கப்படும் நாற்று, பெரிதாய்த் தோன்றல் வேண்டும் என்பதற்காகப் பையிலே ஈராண்டு கிடந்ததாயிருக்கும். அதன் வேர்கள் பையினுட் சுருண்டு கயிறு திரித்தாற்போல இறுகியிருக்கும். அதனை அவ்வாறே நட்டால் வேர் வெளியே ஓடாது. ஓடினும், பின்னொருநாள் மரம் பெருத்தபோது பெருங்காற்றிலே சாயும். சிறு நாற்றே சிறந்த நாற்று என்று விழாக்குழுவினர்க்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மற்றுமொன்று: யூன் 5 ஆந் தேதி உலகச் சுற்றாடல் தினம் என்று நாடெங்கும் மரம் நடுகின்றனர். தென்மேற்கு மழை பெறும் ஊர்களுக்கு அது நன்னாளே. வன்னிக்கு மழையின் பெரும்பங்கு வாடைக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரையில் வருவது. யூன் மாதத்திலே கிளிநொச்சியில் நாற்று நடுபவன் அதனை நடுகின்றானா, புதைக்கின்றானா என்று கேட்டல் தகும். கொழும்பிலிருந்து வருஞ் சுற்றறிக்கைக்கு மண் அறிவு இல்லை. அவ்வறிவை நாமே ஊட்டல் வேண்டும்.

எப்பூங்காவுக்கு அனுப்புவது என்னும் வினாவும் இதனோடு தொடர்ந்ததே. பேராதனை கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 460 மீற்றர் உயரத்தில் ஈரலிப்பான காற்றிலே உள்ளது. அங்குக் கற்பனவற்றுட் பதிவும் ஒழுங்கும் எங்கும் பயன்படுவன. நீர்வார்க்கும் அளவும் பயிர்த்தெரிவும் வன்னிக்குப் பொருந்தா. ஆதலின் அம்பாந்தோட்டைப் பக்கத்திலே 2013 இற் திறக்கப்பட்ட மிரிஜ்ஜவில உலர்வலயத் தாவரவியற் பூங்காவையே யாம் முதலிடத்தில் வைக்கின்றோம். ஏறத்தாழ 300 ஏக்கர் கொண்ட அத்தோட்டம் உலர்வலயச் செடிகொடிகளைக் காத்தற்கென்றே அமைந்தது. அங்கே நம் மாணவன் காணும் மரங்கள் அவனுக்குப் புதியன அல்ல. நாம் பாலை என்பதைச் சிங்களர் பலு என்பர். வீரையை வீர என்பர். தீவின் இரு கோடியிலும் ஒரே மரம் ஏறக்குறைய ஒரே பெயரோடு நிற்கின்றது. பொறுப்பாளர் சிங்களத்திற் பேசுவர். மாணவன் மூன்று மாதத்தில் அம்மொழியைப் பேசப் பழகுவான். இதுவும் ஊதியமேயன்றி இழப்பன்று.

பாக்குநீரிணைக்கு அப்பால் இன்னுமோரிடம் உண்டு. புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள ஓரோவில் 1968 இல் நிறுவப்பட்டபோது மழையால் அரிக்கப்பட்ட வெறுஞ் செம்மண் மேடாகவே இருந்தது. அங்கு உழைத்தோர் முதலில் மழைநீரை வரம்பிட்டு மறித்தனர். பின் நிழல்மரம் வளர்த்தனர். அதன்பின் அக்கரைக் காட்டுக்குரிய பாலை, வீரை, கருங்காலி முதலிய மரங்களை விதை தேடி முளைப்பித்து நட்டனர். 2000 ஆம் ஆண்டிலே 50 ஏக்கரில் அங்குத் தாவரவியற் தோட்டம் ஒன்றுந் தொடங்கப்பட்டது. போரினாலும் புல்டோசராலும் வெளியாகிய நம் நிலங்களை நினைப்போர்க்கு இதனினும் ஏற்ற பாடசாலை வேறில்லை. கடவுச்சீட்டும் செலவும் கூடுமாதலின் அதனை இரண்டாம் படியாக வைக்கலாம்.

வன்னியின் மரங்களைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் பொருந்தும். மாங்குளம், புளியங்குளம், பூவரசங்குளம், ஈச்சங்குளம், வேப்பங்குளம், மருதநகர், பாலைப்பாணி என்று நம்மூர்ப் பெயர்களிற் பல மரத்தின் பெயர்களே. முன்னோர் குளத்தைக் கட்டி, அக்கரையில் நின்ற மரத்தால் அதற்குப் பெயரிட்டனர். திரிமென் என்பார் 1893 முதலாக வெளியிட்ட இலங்கைத் தாவர நூலிலே மரங்கள் பலவற்றுக்கு இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துக் குறித்தார். அத்தமிழ்ப் பெயர்கள் ஊரில் வாழ்வோர் நாவில் வழங்கியவை. இன்று நம் கல்லூரி மாணவரை வரிசையில் நிறுத்தி முதிரை எது, வீரை எது, பனிச்சை எது, காயா எது என்று வினவின் எத்துணைப் பேர் விடை தருவர்? குற்றம் மாணவர்மேலன்று. 1990 முதல் 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். பாட்டன் பேரனைக் காட்டுக்கு அழைத்துச் சென்று மரங்காட்டும் வழக்கம் அக்காலத்தில் அறுந்தது. கண்ணிவெடிக்கு அஞ்சிக் காட்டோரம் போகாதே என்று சொல்லிய காலமும் அதன் பின் நீண்டது. (வன்னி என்னும் மரத்தைக் கண்டிராத வன்னிப் பிள்ளைகளும் உளர். மானம்பூத் திருவிழாவில் அம்மரத்துக்குப் பதில் வாழையை வெட்டுகின்றோமாதலின் வாழையே வன்னி என்று எண்ணியிருப்போரையும் கண்டிருக்கின்றோம்.)

ஆகவே பயிற்சி முடித்து வரும் மாணவன் முதற்செய்ய வேண்டிய வேலை கல்லூரி வளவிலே ஒரு மூலையில் வன்னிமரச் சோலை ஒன்றை உண்டாக்குதல். இருபது இனம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பெயர்ப்பலகை, பதிவேட்டில் ஒரு வரி: விதை எங்கே பொறுக்கப்பட்டது, எந்நாளில் முளைத்தது, எந்நாளில் நடப்பட்டது என்பன. பூங்காவைத் தோட்டத்தினின்றும் வேறுபடுத்துவது இப்பதிவேடே. பதிவேடு இல்லாத பூங்கா வெறும் புதர். மரம் பட்டுப்போயின் அதனையும் எழுதுதல் வேண்டும். சென்றவர் செய்த பிழையை வருபவர் அவ்வாறே அறிந்து திருந்துவர்.

பொதுப் பூங்கா என்னும் சொல்லையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வன்னியார்க்கு மண்வேலை புதிதன்று. காலபோகமுஞ் சிறுபோகமும் அறிந்த குடியிற் பிறந்த பிள்ளைக்கு நெல்லும் மிளகாயும் கற்பித்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்றலாகும். அப்பயிர்களுக்கான உயர்கல்வியும் நம்மிடத்தே உண்டு. 1990 இற் கிளிநொச்சியிற் தோன்றி, போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, பின்னர் அறிவியல் நகருக்கு மீண்ட விவசாய பீடம் உண்டு. வவுனியாவில் விவசாயக் கல்லூரி உண்டு. இல்லாதது, தனக்கென விளைவு எதனையும் எதிர்பாராது, வழிப்போக்கன் இருந்து இளைப்பாறுதற்கென மரம் வளர்க்கும் பயிற்சியே. அதன் குறையை நம் பூங்காக்கள் காட்டுகின்றன. அழகிய வாயில் இருக்கும், சீமெந்தில் வார்த்த மான் இருக்கும், ஊஞ்சல் இருக்கும். ஆடியில் எரிந்துபோகும் புற்றரை இருக்கும். சீமெந்து மானுக்கு நீர் வேண்டுவதில்லை என்பதே அதன் சிறப்புப் போலும்! சித்திரை வைகாசியிலே பொன்னாய்ச் சொரியுங் கொன்றையும், எக்கோடையிலும் பசுமை மாறாப் பாலையும் அருகிலுள்ள காட்டிலே நிற்க, எங்கிருந்தோ கொணர்ந்த குரோட்டன் செடிகள் சாடியில் வாடுகின்றன.

பெற்றோர் தடை கூறுவர் என்பதை அறிவோம். “மண்வெட்டி பிடிக்கவோ பிள்ளையை இந்துக் கல்லூரிக்கு அனுப்பினோம்?” என்பர். இந்துக் கல்லூரியிற் பயின்ற பிள்ளைக்கு உழவாரப்படை ஏந்திக் கோயில் முன்றில்களிற் புல் செதுக்கிய நாவுக்கரசரைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்புகலூரிலே பூக்கொய்து மாலை தொடுத்த முருக நாயனாரையும் அவன் அறிவான். குருபூசையன்று அவர்களைக் கொண்டாடி, மறுநாள் மண்வெட்டியை இழிவென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? இதில் மறைந்து கிடக்கும் சாதி எண்ணத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. மண்ணைத் தொடுவது ஒருசாராரின் கடன் என்று பழகிய மனம் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. வேறு எக்காரணத்தாலன்றேனும், இவ்வெண்ணம் அகலுதற்பொருட்டேனும் இப்பயிற்சி வேண்டற்பாலது. மாணவியரும் ஒப்பவே அனுப்பப்படல் வேண்டும். அவர்க்குத் தக்க விடுதி கிடைத்த பின்னரே அனுப்பலாம் என்பதே வேறுபாடு.

நியாயமான தடையொன்றும் உண்டு. பயிற்சி என்னும் பெயராற் கூலியில்லா வேலை வாங்குதல் உலகெங்கும் நிகழ்கின்றது. மூன்று மாதமும் சருகு கூட்டியே திரும்பிய பயிற்சி மாணவர் உளர். அமெரிக்காவில் லோங்வுட் போன்ற பெருந்தோட்டங்கள் பயில்வோர்க்குத் தங்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் தந்தே பயிற்றுகின்றன. இலண்டனிற் கியூத் தோட்டம் 1963 முதல் பூங்கனியியற் பட்டயத்தையே வழங்கி வருகின்றது. அவ்வளவு நாம் எதிர்பார்த்தல் இயலாதாயினும், அனுப்புமுன் எழுத்தில் ஓர் ஒழுங்கு செய்தல் இயலும். நாற்றுமேடையில் இத்துணை வாரம், கத்தரித்தலில் இத்துணை வாரம், பதிவேட்டில் இத்துணை வாரம் என்று பூங்காப் பொறுப்பாளரோடு கல்லூரி உடன்படல் வேண்டும். மாணவன் நாட்குறிப்பு எழுதுவான். உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இடையில் ஒருமுறை சென்று அதனைப் பார்ப்பார். 2013 இல் உயர்தரத்திற் புகுந்த தொழினுட்பத்துறை, கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் அடுத்தபடியானது என்று நம்மவர் மதிப்பது தவறு. அத்துறை மாணவர்க்கே இப்பயிற்சியில் முதலுரிமை உண்டு என்பது எம் துணிபு.

செலவுக்கணக்குப் பெரிதன்று. பேருந்துக் கட்டணம், அறைவாடகை, மூன்று வேளை உணவு, விபத்துக் காப்புறுதி, ஒரு சோடி சப்பாத்து. ஒரு வாயில்வளைவுக்கு ஊற்றுஞ் சீமெந்தின் விலையிற் பல ஆண்டுக்கு மாணவரை அனுப்பலாம். வளைவு வேண்டாம் என்று யாம் கூறவில்லை, இரண்டாவதாக வரட்டும்.

காலத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். பாலைப்பழம் வைகாசி ஆனியில் உதிரும். அதன் வித்து எண்ணெய்ப்பற்றுடையது. நெடுநாள் வைத்திருப்பின் முளைதிறன் குன்றும். முளைத்த கன்றும் மெல்லவே வளரும். அக்கன்றின்மேற் சப்போட்டாவை ஒட்டுதல் இந்தியாவிற் பெருவழக்கு. ஒட்டும் பருமனை எய்த ஈராண்டும் அதற்கு மேலுஞ் செல்லும். ஆகவே முதல் இருவரும் அவ்விதைப் பருவத்துக்கு முன்னரே மிரிஜ்ஜவில போய்ச் சேர்ந்து, ஆவணியில் மீண்டு, ஐப்பசி மழைக்கு முன் குழி வெட்டி முடித்தல் வேண்டும். போகும்போது ஒவ்வொருவர்க்கும் ஓர் ஒட்டுக்கத்தியும் ஒரு கத்தரிக்கோலும் வாங்கிக் கொடுத்தல் நன்று. அவை கல்லூரிக்குத் திருப்பித் தரப்படவேண்டியன அல்ல, அவர்களுக்கே உரியன.